பிடிமண் நீலம்

அன்று காலை பத்து மணிக்கு என் நெற்றி வழக்கமான நிறத்தில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பகல் பன்னிரண்டுக்கு மேல் அது அப்படி இல்லை, இன்றுவரை என் மனைவி நம்பவும் இல்லை.

என் பெயர் இம்மானுவேல். இருபத்தாறு வருடம் அருப்புக்கோட்டை - திருச்சுழி தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர். இப்போது பாளையம்பட்டியில் ஒரு புரோட்டாக் கடை மாடியில் இயங்கும் சுவாதி துப்பறியும் நிலையத்தின் ஒரே ஊழியன். முதலாளி சுவாதி மேடத்துக்கு முப்பத்துமூன்று வயது. மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தவர். அந்தப் பேனா ஆபீஸ் பேனா என்பதால் அதையும் கொண்டு வரவில்லை. நானாக இருந்தால் கொண்டு வந்திருப்பேன்.

பத்து மணிக்கு மாடிப்படி ஏறி வந்தவர் முத்துப்பேச்சி. ஐம்பது வயது இருக்கும். திருச்சுழி ரோட்டில் இருக்கும் வண்ணமலர் சாயமில்லில் பதினைந்து வருடம் முற்றம் கூட்டியவர். மில்லுக்குப் பின்பக்கம் அவருக்கு மூன்று ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. கூலிக்குப் போய்ப் போய்ச் சேர்த்து வாங்கிய நிலம். இரண்டு வருடமாகக் கிணற்றுத் தண்ணீர் நுரைக்கிறது, கசக்கிறது. மிளகாய்ச் செடிக்குப் பாய்ச்சினால் நாலே நாளில் இலை சுருண்டு விடுகிறது. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும், ஒரு கவரில் மில் முதலாளி பொன்ராஜ் அனுப்பிய பதிலையும் எங்கள் மேசையில் வைத்தார்.

பொன்ராஜின் பதில் ரொம்ப மரியாதையாக இருந்தது. வானம் பார்த்த பூமியில் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும், அதற்கு மில் என்ன செய்யும் என்று கேட்டிருந்தார். சாயக் கசடு முழுவதையும், இருநூற்றுப் பதினாலு லோடு, சென்னைக்கு அந்தப் பக்கம் உள்ள அனுமதி பெற்ற கிடங்குக்கு லாரியில் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, லாரி பில்களின் நகலையும் இணைத்திருந்தார்.

"தாயி, இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மில்லு கை மாறுது. கோயமுத்தூர்க்காரவுக வாங்குதாக. அதுக்குப் பொறவு நான் யாரு சட்டையப் பிடிச்சுக் கேக்க?" என்றார் முத்துப்பேச்சி.

மேடம் கம்ப்யூட்டரில் மில்லின் கடைசி வருடக் கணக்கறிக்கையை எடுத்தார். கம்பெனிகள் அரசுக்குக் கொடுக்கும் கணக்கை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். புரோட்டாவை விட அது கொஞ்சம்தான் விலை அதிகம். அதில் ஓர் இடத்தில் விரலை வைத்து எனக்கு விளக்கினார். ஒரு கம்பெனி நேற்று மண்ணைக் கெடுத்திருந்தால், நாளைக்கு அதைச் சுத்தம் பண்ணும் செலவு வந்தே தீரும் என்று தெரிந்தால், இன்றைய கணக்கிலேயே ஒரு தொகையை ஒதுக்கி, "இது எங்கள் தலையில் இருக்கிறது" என்று எழுத வேண்டும். பணம் கட்டுவது பிறகு, ஒத்துக்கொள்வது இப்போது. வண்ணமலர் மில்லின் கணக்கில் அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. நல்ல உருண்டையான பூஜ்யம்.

"கசடு உண்மையிலேயே போயிருச்சுன்னா பூஜ்யம் சரி. போகலைன்னா பொய். குழி எங்கன்னு நாலு மணிக்குள்ள காட்டணும் அண்ணே," என்றார் மேடம்.

நான் லாரி பில்களைப் புரட்டினேன். டிக்கெட் கிழித்த கைக்கு இது சாதாரண வேலை. மூன்றாவது தாளிலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே லாரி எண், ஒரே தேதி, சென்னைக்கு அப்பால் மூன்று நடை. போகவே ஒரு பகல் பிடிக்கும் தூரம். அந்த லாரிக்கு இறக்கை முளைத்திருந்தாலும் டிரைவருக்குச் சோறு தின்ன நேரம் இருந்திருக்காது என்று சொன்னேன். மேடம் என்னைப் பாராட்டவில்லை. பாராட்ட வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

ஆக, கசடு மில்லை விட்டு வெளியே போகவே இல்லை. ஆனால் எங்கே? மில் வளாகம் பதினோரு ஏக்கர். முத்துப்பேச்சிக்கும் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் எல்லாரையும் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்களாம். திரும்பி வந்தபோது முற்றம் முழுக்க ஒரே மட்டமாக இருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காரியாபட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

இவ்வளவு அவசரத்தில் காரியாபட்டிக்கு எதற்கு என்று கேட்டோம். அங்கே லாரி செட் வைத்திருக்கும் தம்பி வீரபத்திரன் புதிதாகக் கருப்பசாமி பீடம் கட்டியிருக்கிறான், நேற்று முதல் அபிஷேகம், அதில் ஓர் அதிசயம் நடந்துவிட்டது என்றார்.

"பிடிமண்ணு மேல பால ஊத்துனாக. பாலு நீலமா ஓடிருச்சு தாயி. ஊரே தெரண்டு கெடக்கு."

மேடம் கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாமியைப் புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சிலையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பழைய கோயில் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் புதுப் பீடத்தில் வைப்பார்கள். சாமி மண்ணோடு வந்துவிடும். பம்பாய் வரைக்கும் எங்கள் சாமிகள் இப்படித்தான் போயிருக்கின்றன, நான் பார்த்தவரை ஒரு சாமியும் டிக்கெட் எடுத்ததில்லை.

மேடத்தின் பழைய மாருதியில் நாங்கள் மூவரும் காரியாபட்டி போய்ச் சேர்ந்தபோது லாரி செட்டுக்கு முன்னால் நானூறு பேர் நின்றார்கள். ஒரு சர்பத் வண்டியும் வந்திருந்தது. வீரபத்திரன் பித்தளைக் குடத்தோடு நடுவில் நின்றான். பிடிமண்ணின் மேல் பாலை ஊற்ற ஊற்ற, அது ஊதா கலந்த நீலமாக வழிந்து ஒரு தாம்பாளத்தில் விழுந்தது. உண்மையிலேயே அழகான நீலம். எனக்கே மனசு துள்ளியது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் யாரோ ஓர் அம்மாள் என் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டபோது மறுக்கத் தோன்றவில்லை.

ஒருவர் தம்ளரை நீட்டியதும் மேடம் பாய்ந்து அதைப் பிடுங்கினார். இதை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று வீரபத்திரனிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என் சட்டை நுனியைப் பிடித்துத் தாம்பாளத்தில் முக்கினார். புதுச் சட்டை. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், துணி சோப்பைப் போட்டு ஐந்து நிமிடம் கசக்கினார். நீலம் இம்மிகூட அசையவில்லை. சொல்லப்போனால் சட்டை இன்னும் பளிச்சென்று ஆனது.

"சாமி பாலை நீலமாக்கலாம் அண்ணே. ஆனா அஞ்சு நிமிஷம் சோப்புக்கு அசையாத நீலத்தச் சாயமில்லுதான் தயாரிக்கும்," என்றார்.

வீரபத்திரனைத் தனியே அழைத்து, மண்ணை எந்தக் கோயிலில் எடுத்தான் என்று கேட்டார். அக்கா விளக்குப் போடுகிற கோயில்தான் என்றான். வண்ணமலர் மில் வளாகத்தின் பின்மூலையில் இருக்கும் காவல் கருப்பசாமி. மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளி பொன்ராஜின் கனவில் வந்து இடம் கேட்ட சாமி.

"பீடத்துக்குப் பின்னால ஒரு மொழம் தோண்டி எடுத்தேன். மேல்மண்ணு மிதிபட்டதுல்ல, ஆகாது. காய்ஞ்சு கருப்பாத்தான் இருந்துச்சு, நம்ம கரிசல் மாதிரியே. தண்ணி பட்டப் பொறவுதான் கலரு வந்துச்சு," என்றான்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். எங்களுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பி அடக்க முடியாமல் போனது. பக்கத்தில் நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து வழி விட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் மேடம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். பொன்ராஜ் கெட்டிக்காரர்தான். கசடைக் கொட்டி மூடிய குழிமேல் ஷெட் போட்டால் ஒரு நாள் எவனாவது பிரிப்பான். மரம் வைத்தால் எவனாவது வெட்டுவான். சாமியை வைத்துவிட்டால் போர் போடுகிறவன்கூடத் தள்ளித்தான் போடுவான். ஆனால் பொன்ராஜ் மதுரையிலேயே படித்து வளர்ந்தவர். ஊரில் எவனும் தோண்டாத இடம் கோயில் என்பது அவருக்குத் தெரியும், நாங்கள் பக்தியோடு தோண்டுகிற ஒரே இடமும் அதுதான் என்பது தெரியாது.

பின் சீட்டில் முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாகத் தினமும் அந்தக் குழிமேல்தான் விளக்கேற்றியிருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னார். பிறகு கிணறு சரியாகிவிடுமா என்று கேட்டார். சரியாகும் அக்கா என்று மேடம் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்தில் எங்களுக்கு அவ்வளவு தைரியம் இருந்தது.

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மில் ஆபீஸில் இருந்தோம். வெள்ளைச் சட்டையில் பொன்ராஜ், எதிரே கோவையிலிருந்து வந்த சதீஸ்குமார், நடுவில் ஒப்பந்தத் தாள்கள், ஆளுக்கொரு பன்னீர் சோடா. சதீஸ்குமார் என் நெற்றியைப் பார்த்துவிட்டு நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார்.

மேடம் லாரி பில்லையும், என் சட்டையையும், உள்ளே நானும் இருந்தேன், மேசைக்கு முன்னால் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். குழி காவல் கருப்பசாமிக்குக் கீழே இருக்கிறது. கம்பெனி கணக்கில் ஒதுக்கீடு பூஜ்யம். வாங்குகிறவர் கம்பெனியோடு சேர்த்து இந்தச் செலவையும்தான் வாங்கப் போகிறார்.

சதீஸ்குமார் பேனாவை மூடினார். பொன்ராஜ் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவன் சத்தம் போடுவான், பாஸ் வைத்திருக்கிறவன்தான் இப்படிச் சிரிப்பான்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்துப் போட்டார். கோயிலும் அதைச் சுற்றிய எழுபது சென்டும் மில்லுடைய சொத்தே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே தானமாக எழுதிக் கொடுத்தாயிற்று. நிலத்தின் நிறை குறை எல்லாம் தானம் பெறுகிறவரையே சேரும் என்று அதில் ஒரு வரியும் இருந்தது.

"தோண்டணும்னா தாராளமாத் தோண்டுங்க. சுத்தம் பண்ணணும்னா நில உடமைக்காரவுகளக் கேளுங்க. அவுக உங்க கூடத்தான் நிக்கிறாக," என்றார் பொன்ராஜ்.

முத்துப்பேச்சி கதவருகில் நின்றார். அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம். அதில் போடுவதற்காகவே பேரன் முகேஷிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கையெழுத்துப் பழகினாராம். சாமி இடம் என் பெயரில் இருக்கிறது என்று, எங்களைத் தவிர, சொல்லாத ஆள் இல்லையாம். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடி எங்களுக்குச் சொன்னார். கோடிக்கணக்கில் வரும் செலவு என் தலையிலா, என் மூன்று ஏக்கரும் போய்விடுமா என்று கேட்டபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. குழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். எனக்கு அந்த நிமிடம் செத்துவிடலாம் போல இருந்தது, நெற்றி நீலம் வேறு.

மணி மூன்று நாற்பது. பொன்ராஜ் சோடாவை உறிஞ்சினார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தார். காலையில் நாங்கள் கடைசி வருடக் கணக்கை மட்டும்தான் பார்த்திருந்தோம். பூஜ்யத்தைப் பார்த்ததும், இவர் ஒதுக்கீடு எழுதவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அது எங்கள் தப்பு. பத்திரத்தில் இருந்த தேதியைப் பார்த்தபோதுதான் மேடத்துக்கு அது உறைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் இருபத்தொன்பது. கணக்கு வருடம் முடிய இரண்டு நாள் முன்னால். எந்தப் புண்ணியவானும் தானத்துக்கு அந்தத் தேதியைத் தேடிப் போக மாட்டான்.

கட்டணம் கட்டி, அந்த வருட அறிக்கையையும் அதற்கு முந்தைய வருட அறிக்கையையும் இறக்கினார். பிறகு மேடம் போனைச் சதீஸ்குமார் பக்கம் திருப்பிவைத்தார்.

முந்தைய வருடம் மார்ச் முப்பத்தொன்றில், 'வளாகத்தில் புதைந்துள்ள கசடு அகற்றும் ஒதுக்கீடு, இரண்டு கோடியே பத்து லட்சம்' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு நேர்மையான ஆடிட்டர் எழுத வைத்திருக்கிறார். அடுத்த வருடம் அதே மார்ச் முப்பத்தொன்றில், தானம் கொடுத்த இரண்டாம் நாள், 'இனித் தேவைப்படாததால் ஒதுக்கீடு திரும்ப எடுக்கப்பட்டது' என்று அதே இரண்டு கோடியே பத்து லட்சம் லாபத்தில் ஏறியிருந்தது. அந்த வருடம் ஆடிட்டரும் மாறியிருந்தார்.

"கசடு உங்க வளாகத்துல புதைஞ்சு கெடக்குன்னு எழுதினது நீங்க. அத அகத்த எவ்வளவு ஆகும்னு எழுதினதும் நீங்க. லாரியில அனுப்பிட்டோம்னு பில்லு காட்டுறதும் நீங்க," என்றார் மேடம். "அந்த ரெண்டு நாள்ல மண்ணு எங்கயும் போகல சார். எழுபது சென்டுக்குப் பேரு மட்டும் மாறியிருக்கு. நிலத்தத் தானம் குடுக்கலாம், அழுக்கக் குடுக்க முடியாது. கெடுத்தவருதான் சுத்தம் பண்ணணும்."

பொன்ராஜ் சோடா பாட்டிலைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

சதீஸ்குமார் அமைதியான மனிதர். பத்திரத்தையும் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு, ஒதுக்கீட்டை இன்றைய விலையில் திரும்பக் கணக்கில் எழுதி, அந்தத் தொகையை விலையில் கழித்து வங்கியில் தனியாகப் போட்டால்தான் கையெழுத்து, இல்லையென்றால் ஆறு மணி ரயிலைப் பிடிக்க மதுரைக்குக் கிளம்புகிறேன் என்றார். சுத்தம் செய்யும் பொறுப்பு மில்லுடையதுதான், முத்துப்பேச்சிக்கு அதில் ஒரு பைசாகூடப் பங்கில்லை என்று எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னார். பொன்ராஜ் எழுந்து ஜன்னல்வரை போனார். அவருக்கு இந்த விற்பனை எவ்வளவு அவசரம் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. திரும்பி வந்து, சரி என்று ஒரே சொல்லில் முடித்தார்.

நான் முத்துப்பேச்சியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினேன். அவர் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்து, நடந்ததை நிதானமாக மறுபடி சொன்னார். உங்கள் தலையில் எதுவும் இல்லை அக்கா என்றார். முத்துப்பேச்சி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாய் பன்னீர் சோடா குடித்தார், பொன்ராஜுடையதை.

ஒதுக்கீட்டுக்கு மதிப்பு போட வேண்டியிருந்தது. சுத்தம் செய்யத் தவிர்க்க முடியாத எல்லாச் செலவையும் அதில் எழுதலாம், எழுதவும் வேண்டும் என்று மேடம் சொன்னதும், முத்துப்பேச்சி மெதுவாக நிமிர்ந்தார். சாமியை அசைக்காமல் குழியை எப்படித் தோண்டுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாமியை மாற்ற வேண்டுமானால் உத்தரவு கேட்க வேண்டும், நல்ல மண் எடுக்க வேண்டும், மூன்று கெடா, கொட்டு மேளம், ஊருக்குச் சாப்பாடு. மூன்று கெடாவா என்று பொன்ராஜ் பதறினார். இரண்டு கோடியைப் பற்றி அவர் அவ்வளவு பதறியதாக எனக்கு நினைவில்லை. தவிர்க்க முடியாத செலவுதான் என்று சதீஸ்குமார் ஒத்துக்கொண்டு, கெடா என்ன விலை போகும் என்று என்னிடம் கேட்டார். பந்தல்குடிச் சந்தை விலையைச் சொன்னேன், விருந்தில் எங்களுக்கு வரும் பங்கையும் மனசில் வைத்து.

சதீஸ்குமார் புதுத் தாளை எடுத்துத் தலைப்பு எழுதினார். முதல் வரியில் 'கோயில் இடம்' என்று தொடங்கப் போனவரின் கையை முத்துப்பேச்சி சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல எங்கெணத்த எழுதுங்க தம்பி. கருப்பன் ரெண்டாவது வரட்டும். அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு, அவருக்குப் பொங்க வைக்கவும் நல்ல தண்ணி வேணும்ல."

சதீஸ்குமார் எழுதினார்.